திட்டச் சாசனம்: ஒரே ஒரு பக்கத்தின் வேலை

திட்ட மேலாண்மை என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது, வண்ணப் பட்டைகள் படிப்படியாகக் கீழிறங்கும் கால அட்டவணைதான். சிட்னியில் கணினித் துறைத் திட்டங்களை மேய்ப்பவன் என்ற முறையில் நானும் அந்தப் பட்டைகளோடு பல ஆண்டுகள் குடித்தனம் நடத்தியிருக்கிறேன். ஆனால் அந்த அட்டவணை பிறப்பதற்கு முன்பே எழுதப்பட வேண்டிய தாள் ஒன்று இருக்கிறது. ஒரு பக்கம், மிஞ்சினால் மூன்று பக்கம். 'ப்ராஜெக்ட் சார்ட்டர்' என்று பெயர். அலுவலகங்களில் இதைப் பெரும்பாலும் சடங்குக்காக எழுதுகிறார்கள். நான் பார்த்த ஓர் அலுவலகத்தில், தணிக்கைக்காரர்கள் வருகிறார்கள் என்று தெரிந்ததும், முடிந்து மூன்று மாதமான வேலைக்குச் சாசனம் தயாரித்து முன்தேதியிட்டுக் கையெழுத்து வாங்கினார்கள். பிள்ளை பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு பெற்றோருக்குப் பத்திரிகை அடித்த கல்யாணம் மாதிரி!

இந்தத் தாள் என்ன, அதில் என்னென்ன இருக்க வேண்டும், எழுதிய பிறகு அதை எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். அலுவலகத்தில் திட்டம் நடத்துபவர்களுக்கு மட்டுமல்ல, வார இறுதியில் தமிழ்ப் பள்ளியும் சங்கமும் நூலகமும் நடத்துகிற நம்மவர்களுக்கும் இது பயன்படும்.

சொல்லில் இருந்து தொடங்குவோம்

'சார்ட்டர்' என்பதற்குத் தாள், ஏடு என்ற பொருளுடைய லத்தீன் சொல் மூலம். இங்கிலாந்தில் 1215 இல் ஜான் மன்னர் முத்திரையிட்ட மாக்னா கார்ட்டாவிலும் இருப்பது அதே சொல்தான். நம்மிடம் இதற்குச் சாசனம், பட்டயம் என்று இரண்டு நல்ல சொற்கள் இருக்கின்றன. நான் 'திட்டச் சாசனம்' என்பதையே பயன்படுத்துகிறேன். காரணம், நம்முடைய பழைய செப்பேட்டுச் சாசனங்களின் அமைப்பு இந்தத் தாளுக்கு வியப்பூட்டும் அளவுக்குப் பொருந்துகிறது.

லெய்டன் செப்பேடுகள் என்று அறியப்படும் சோழர் செப்பேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜய மன்னரின் பெயரால் எழுந்த சூடாமணி விகாரத்துக்கு, ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயை ராஜராஜன் வழங்கிய செய்தி அதில் இருக்கிறது. யார் கொடுக்கிறார், யாருக்கு, எதற்காக, ஊரின் நான்கு எல்லைகள் எவை, என்ன உரிமைகள் சேர்கின்றன, யார் யார் கையெழுத்திட்டார்கள் என்று எல்லாம் வரிசையாக வருகின்றன. எல்லையைக் குறிக்கப் பெண் யானையை நிலத்தைச் சுற்றி நடத்தியிருக்கிறார்கள். இதில் என்னைக் கவர்ந்தது வேறொன்று. கொடை தந்தவன் ராஜராஜன். அது நிலைக்க வேண்டும் என்று செப்பேட்டில் வெட்டுவித்தவன் மகன் ராஜேந்திரன். கொடுத்தவர் போன பிறகும் கொடை நிற்க வேண்டும் என்றால் சொல் போதாது, ஏடு வேண்டும் என்பது அன்றைக்கே தெரிந்திருக்கிறது.

சாசனம் எது, எது இல்லை?

அமெரிக்காவில் 1969 இல் தொடங்கப்பட்ட திட்ட மேலாண்மைக் கழகம் வெளியிடும் 'பிம்பாக்' வழிகாட்டி நூல், சாசனத்துக்கு இரண்டு வேலைகளைத் தருகிறது. ஒன்று, இப்படி ஒரு திட்டம் இருக்கிறது என்று முறைப்படி அறிவிப்பது. மற்றொன்று, நிறுவனத்தின் ஆட்களையும் பணத்தையும் அந்தத் திட்டத்துக்குப் பயன்படுத்தும் அதிகாரத்தைத் திட்ட மேலாளருக்குக் கொடுப்பது. இதை வெளியிடுபவர் 'ஸ்பான்சர்'. தமிழில் ஸ்பான்சர் என்றால் விழா மலருக்கு விளம்பரம் கொடுப்பவர் என்று பொருளாகிவிட்டது. இங்கே அவர் புரவலர். பணம் அவருடையது, பலனும் அவருடையது, கடைசியில் பதில் சொல்ல வேண்டியவரும் அவரே.

நடைமுறையில் சாசனத்தை எழுதுபவர் பெரும்பாலும் திட்ட மேலாளர்தான். ஆனால் அது புரவலரின் குரலில், புரவலரின் கையெழுத்தோடு வெளிவர வேண்டும். மேலாளர் தனக்குத் தானே அதிகாரம் கொடுத்துக்கொள்ள முடியாதல்லவா?

இதோடு குழப்பிக்கொள்ளப்படும் வேறு இரண்டு ஆவணங்கள் உண்டு. 'பிசினஸ் கேஸ்' என்பது, இந்த வேலை செய்யத் தகுந்ததுதானா என்று ஆராயும் ஆவணம். சாசனத்துக்கு முன்னால் வருவது. திட்ட வரைவு என்பது யார், எப்போது, எப்படிச் செய்வார்கள் என்று விவரிப்பது. சாசனத்துக்குப் பின்னால் வருவது. இரண்டுக்கும் நடுவில் "சரி, செய்யலாம். இவ்வளவுக்குள், இவர் பொறுப்பில்" என்று ஒருவர் எழுத்தில் ஒப்புக்கொள்ளும் இடமே சாசனம். பிரிட்டனில் வளர்ந்த 'பிரின்ஸ் 2' முறையில் பெயர்கள் வேறாக இருக்கும். 'சிக்ஸ் சிக்மா'வில் முதல் கட்டத்திலேயே சாசனம் வந்துவிடும். பெயர் எதுவானாலும் அந்த ஒப்புதல் எங்காவது எழுதப்பட்டிருக்க வேண்டும்.

உள்ளே என்ன இருக்கும்?

நிறுவனத்துக்கு நிறுவனம் படிவம் மாறும். ஆனாலும் கீழ்க்கண்டவை இல்லாமல் சாசனம் இல்லை.

1. காரணம். எந்தக் குறையைப் போக்க, எந்த வாய்ப்பைப் பிடிக்க இந்தத் திட்டம்? இரண்டு மூன்று வாக்கியங்கள் போதும்.

2. அளக்கக்கூடிய குறிக்கோள். 'உலகத் தரமான சேவை' என்பது குறிக்கோள் ஆகாது. முடிந்த நாளில் இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து, நிறைவேறியதா இல்லையா என்று சண்டையின்றி முடிவுசெய்ய முடிந்தால் அதுதான் குறிக்கோள்.

3. எல்லை. எது உள்ளே, எது வெளியே. இரண்டாவது பட்டியல்தான் முக்கியம். நான் படித்த பல சாசனங்களில் 'வெளியே' என்ற கட்டம் காலியாக இருக்கும். எல்லாரும் மகிழ்ச்சியாகக் கையெழுத்திடுவார்கள், ஒவ்வொருவரும் ஒவ்வொன்றை மனத்தில் வைத்துக்கொண்டு.

4. முக்கியத் தேதிகளும் பணமும். துல்லியமாக இருக்க முடியாது, இருக்கவும் வேண்டாம். இந்தத் தொகை எந்த அளவுக்கு நம்பத்தக்கது என்பதைச் சேர்த்தே எழுதிவிடுவது நல்லது.

5. அனுமானங்களும் பெரிய இடர்களும். எதை உண்மை என்று வைத்துக்கொண்டு இறங்குகிறோம்? அது பொய்யானால் என்ன ஆகும்?

6. யார் யார். புரவலர் யார், மேலாளர் யார், யாருடைய ஒப்புதல் வேண்டும், யாரைக் கேட்டால் போதும்.

7. மேலாளரின் அதிகாரம். கேட்காமலே எவ்வளவு செலவழிக்கலாம்? யாரை வேலைக்கு அழைக்கலாம்? எதை மேலே கொண்டுபோக வேண்டும்? பொறுப்பை மட்டும் கொடுத்து அதிகாரத்தைக் கொடுக்காமல் விடுவதற்கு வசதியாக, இந்தக் கட்டத்தைப் பலர் விட்டுவிடுவார்கள்.

8. நிறுத்தும் விதி. எந்த நிலை வந்தால் இந்தத் திட்டத்தைக் கைவிடுவோம்? எழுதக் கசப்பாக இருக்கும். ஆனால் ஆசையும் செலவும் ஏறிவிட்ட பிறகு இதை நிதானமாக யோசிக்க யாராலும் முடிவதில்லை.

9. கையெழுத்து. ஒருவருடையது. குழுவே புரவலர் என்றால் யாருமே புரவலர் இல்லை என்று பொருள்.

இந்த ஒன்பதில் ஏதாவது ஒன்றை எழுதாமல் விட்டால் என்ன ஆகும்? அந்த முடிவு எங்கேயும் போய்விடுவதில்லை. வேலை நடுவில் இருக்கும்போது, பல மடங்கு விலையோடு திரும்பி வருகிறது. இதற்கு நான் வசிக்கும் ஊரிலேயே, கடலோரத்தில் வெள்ளை வெளேரென்று ஒரு சாட்சி நிற்கிறது.

சிட்னி ஓப்பரா மாளிகை

சிட்னிக்கு ஒரு நல்ல இசையரங்கம் வேண்டும் என்று அந்நகரின் சிம்ஃபனி இசைக்குழுவை நடத்திய யூஜின் கூசன்ஸ் வலியுறுத்தி வந்தார். நியூ சவுத் வேல்ஸ் மாநில முதல்வர் ஜோசப் கேஹில் அதை ஏற்றுக்கொண்டு உலக அளவில் போட்டி அறிவித்தார். 233 வடிவமைப்புகள் வந்தன. டென்மார்க்கின் யோர்ன் உட்சன் வென்றதாக 1957 ஜனவரியில் அறிவித்தார்கள். அப்போது அவருக்கு வயது 38. மதிப்பீடு 35 லட்சம் ஆஸ்திரேலிய பவுண்டு, அதாவது பின்னால் வந்த நாணயத்தில் 70 லட்சம் டாலர். முடிக்க வேண்டிய நாள் 1963 ஜனவரி 26. உண்மையில் திறந்தது 1973 அக்டோபர் 20. ஆன செலவு 10 கோடியே 20 லட்சம் டாலர். காலம் பத்து ஆண்டு தாமதம், செலவு பதினான்கு மடங்குக்கும் மேல்.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் 'கனவு காணும் கலைஞன், கணக்குப் பார்க்கும் அரசாங்கம்' என்று இரண்டு பாத்திரங்களை வைத்து முடித்துவிடுவார்கள். சாசனத்தின் கட்டங்களை வைத்துக்கொண்டு பார்த்தால் வேறு சில செய்திகள் கண்ணில் படும்.

முதலில் குறிக்கோள். போட்டி விதிகள் இரண்டு அரங்குகளைக் கேட்டன. பெரிய அரங்கு மூவாயிரம் பேருக்கு மேல் கொள்ள வேண்டும்; அதிலேயே சிம்ஃபனியும் நடக்க வேண்டும், பெரிய ஓப்பராவும் நடக்க வேண்டும். இரண்டும் இசைதானே என்று தோன்றும். ஆனால் சிம்ஃபனிக்கு ஒலி நீண்டு நின்று தேய வேண்டும். ஓப்பராவில் பாடகரின் சொல் தெளிவாகக் கேட்க வேண்டுமானால் அது சீக்கிரம் அடங்க வேண்டும். ஓப்பராவுக்கு மேடைக்கு மேலும் பக்கங்களிலும் பெரிய இடம் தேவை. சிம்ஃபனிக்கு அந்த இடம் இருக்கைகளுக்குப் போக வேண்டும். இரண்டும் மோதினால் எது விட்டுக்கொடுக்கும் என்ற கேள்வி தீராமலே இருந்தது.

தீராத அந்தக் கேள்வி 1967 இல் திரும்பி வந்தது. ஆஸ்திரேலிய ஒலிபரப்பு நிறுவனம் தன் இசைக்குழுவுக்குப் பெரிய அரங்கு வேண்டும் என்று அழுத்தம் கொடுக்க, பெரிய அரங்கு சிம்ஃபனிக்கு மட்டும் என்று அரசு முடிவுசெய்தது. அதற்குள் அங்கே ஓப்பராவுக்கான மேடை இயந்திரங்களைப் பொருத்தியிருந்தார்கள். அவற்றைப் பிரித்து அகற்றினார்கள். ஓப்பரா, நாடகத்துக்கென்று நினைத்திருந்த சிறிய அரங்குக்குக் குடிபெயர்ந்தது. ஏறக்குறைய 1500 இருக்கைகளும் நெருக்கடியான வாத்தியக் குழியும் உள்ள அந்த அரங்குக்கு 2012 முதல் ஜோன் சதர்லாந்து அரங்கு என்று பெயர். ஓப்பரா மாளிகை என்று பெயர் வைத்த கட்டடத்தில் ஓப்பராவுக்குத்தான் இடம் போதவில்லை! பெரிய அரங்கின் ஒலியமைப்பைச் சீர்செய்ய மறுபடியும் மூடி, 2022 இல்தான் திறந்தார்கள்.

அடுத்து அனுமானம். கூரையின் சிப்பி வடிவங்களை எப்படிக் கட்டுவது என்பதே முடிவாகாத நிலையில், 1959 மார்ச்சில் அடித்தளம் போடத் தொடங்கினார்கள். கேஹிலுக்கு அவசரம், தேர்தலில் ஆட்சி மாறினால் திட்டம் கைவிடப்படும் என்ற கவலை. அவர் கவலையில் நியாயம் இருந்தது. ஆனால் 'கூரையின் எடை இன்னும் தெரியாது. தெரியாமலே தூண்களை எழுப்புகிறோம். தவறினால் இடித்துக் கட்ட வேண்டிவரும்' என்ற வரியை யாரும் எழுதி, யாரும் கையெழுத்திட்டு ஏற்கவில்லை. எல்லாச் சிப்பிகளையும் ஒரே கோளத்தின் துண்டுகளாக வெட்டலாம் என்ற அழகான தீர்வு 1961 இல் கிடைத்தது. அடித்தளத்துத் தூண்கள் கூரையைத் தாங்கப் போதாமல் திருப்பிக் கட்டப்பட்டன.

மூன்றாவது புரவலர். கேஹில் 1959 அக்டோபரில் காலமானார். திட்டத்தின் பின்னால் இருந்த ஆர்வம், வாக்குறுதி, இவ்வளவு வரை போகலாம் என்ற மனக்கணக்கு எல்லாம் அவரோடு போயின. ராஜராஜனின் கொடையைச் செப்பேட்டில் வெட்டுவித்த ராஜேந்திரன் போல இங்கே ஒருவர் வரவில்லை. 1965 இல் ஆட்சி மாறியது. பொதுப்பணித் துறை அமைச்சராக வந்த டேவிஸ் ஹியூஸ் செலவைக் கையில் எடுத்துக்கொண்டார். வரைபடத்தைக் கொடு, பணம் தருகிறேன் என்பது அவர் நிலை. மாதிரி செய்து பார்க்காமல் வரைய முடியாது, அதற்குப் பணம் வேண்டும் என்பது உட்சனின் நிலை. கட்டடக் கலைஞரின் அதிகாரம் எதுவரை, அமைச்சரின் அதிகாரம் எங்கே தொடங்குகிறது என்று காட்டக்கூடிய தாள் இருவரிடமும் இல்லை. 1966 பிப்ரவரி இறுதியில் உட்சன் விலகினார். அவர் விலகியபோது ஆகியிருந்த செலவு சுமார் 2 கோடியே 29 லட்சம் டாலர். இறுதிச் செலவில் கால் பங்குக்கும் குறைவு. பின்னாளில் பழி முழுவதும் அவர் மேல் விழுந்ததை இந்த எண்ணோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

2003 இல் உட்சனுக்குக் கட்டடக் கலையின் மிக உயர்ந்த பரிசான பிரிட்ஸ்கர் கிடைத்தது. 2007 இல் கட்டடம் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. 2008 இல் உட்சன் மறைந்தார். கட்டி முடித்த மாளிகையை அவர் நேரில் பார்க்கவே இல்லை.

ஒரு செய்தி பலருக்குத் தெரியாது. 1999 இல் மாளிகையின் நிர்வாகம் உட்சனோடு மறுபடியும் உறவை ஏற்படுத்திக்கொண்டது. எதிர்காலத்தில் யார் இந்தக் கட்டடத்தில் கைவைத்தாலும் எந்தக் கருத்துகளுக்கு உட்பட்டுச் செய்ய வேண்டும் என்பதை அவரையே எழுதித் தரக் கேட்டார்கள். 'வடிவமைப்பு நெறிகள்' என்ற அந்த ஆவணம் 2002 இல் வெளிவந்தது. இந்தக் கட்டடம் எதற்காக, இதில் எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது என்ற கேள்விகளுக்கு எழுத்தில் விடை கிடைக்க, போட்டி முடிவு வந்து நாற்பத்தைந்து ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

சாசனம் இருந்திருந்தால் மாளிகை இருந்திருக்குமா?

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். பத்துக் கோடி ஆகும் என்று 1957 இலேயே எழுதியிருந்தால் யார் கையெழுத்திட்டிருப்பார்கள்? எழுதாததால்தானே உலகத்துக்கு இந்த அழகு கிடைத்தது? நண்பர்களிடம் நான் அடிக்கடி கேட்கும் வாதம் இது. இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் பெரிய கனவுக்கும் எழுத்துக்கும் பகை என்று நான் நினைக்கவில்லை. எதிர்ச்சான்று அதே காலத்திலேயே இருக்கிறது.

1961 மே 25 அன்று அமெரிக்க அதிபர் கென்னடி நாடாளுமன்றத்தின் இரு அவைகள் முன் பேசினார். அந்த உரையின் நிலவுப் பகுதியைச் சாசனமாக வாசித்துப் பாருங்கள். குறிக்கோள்: மனிதனை நிலவில் இறக்கி, பத்திரமாகத் திரும்பக் கொண்டுவருவது. காலம்: அந்தப் பத்தாண்டு முடிவதற்குள். பணம்: அடுத்த ஐந்து ஆண்டுகளில் கூடுதலாக 700 முதல் 900 கோடி டாலர் ஆகலாம் என்று வெளிப்படையாகச் சொன்னார். இடர்: பாதியில் விடுவதானால் தொடங்காமல் இருப்பதே மேல் என்றும், நாடாளுமன்றம் நன்றாக யோசித்தே முடிவுசெய்ய வேண்டும் என்றும் எச்சரித்தார். 'பத்திரமாகத் திரும்ப' என்ற இரண்டு சொற்கள் முழுப் பொறியியலையும் தீர்மானித்தன.

எந்த முறையில் போய் இறங்குவது என்பதை அந்த உரை தீர்மானிக்கவில்லை. தாய்க்கலம் நிலவைச் சுற்றிக்கொண்டிருக்க, சிறு கலம் மட்டும் இறங்கி ஏறுவது என்ற முறையை நாசா 1962 ஜூலையில்தான் அறிவித்தது. என்ன, ஏன், எதற்குள் என்று சாசனம் சொல்லும். எப்படி என்பதை வல்லுநர்களிடம் விட்டுவிடும். செலவு கணிப்பைத் தாண்டியது. 1973 இல் நாசா நாடாளுமன்றத்துக்குக் கொடுத்த கணக்கு 2540 கோடி டாலர். கென்னடி 1963 இல் கொல்லப்பட்டார், புரவலர் இரண்டு முறை மாறினார். குறிக்கோள் ஒரு சொல்கூட மாறவில்லை. 1969 ஜூலை 20 அன்று இறங்கினார்கள், 24 அன்று பத்திரமாகத் திரும்பினார்கள்.

செலவு ஏறுவதைச் சாசனம் தடுக்காது. ஏறும்போது அதைப் பற்றி யார் முடிவெடுக்க வேண்டும், எதற்காக ஏற்கிறோம் என்பதை மட்டும் அது தெளிவாக வைத்திருக்கும். ஓப்பரா மாளிகையில் பணத்தை விடக் கூடுதலாக இழந்தது அந்தத் தெளிவைத்தான் என்பது என் கருத்து.

நம் அளவில் ஓர் எடுத்துக்காட்டு

நிலவையும் மாளிகையையும் விட்டு, நமக்குப் பழக்கமான இடத்துக்கு வருவோம். ஒரு தமிழ்ச் சங்கத்தின் நூலகம். இரண்டு உறுப்பினர்களின் கார் நிறுத்தும் கொட்டகைகளில் பெட்டி பெட்டியாகச் சுமார் 3000 புத்தகங்கள் என்று வைத்துக்கொள்வோம். அதற்குப் பட்டியல் தயாரிக்கும் திட்டத்துக்கு நான் இப்படி எழுதுவேன்:

காரணம்: எந்தப் புத்தகம் எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. இருப்பதையே திரும்ப வாங்குகிறோம். கேட்பவருக்குக் கொடுக்க முடியவில்லை.

குறிக்கோள்: அடுத்த பொங்கலுக்குள் எல்லாப் புத்தகங்களும் பட்டியலில் ஏறி, தமிழ்ப் பள்ளியின் அலமாரிகளில் எண்ணிட்டு அடுக்கப்பட்டிருக்கும். நூலகத்துக்குப் புதிதாக வந்த ஒரு தன்னார்வலர், கேட்ட புத்தகத்தை ஐந்து நிமிடத்தில் எடுத்துக் கொடுக்க முடியும்.

எல்லைக்கு உள்ளே: பதிவு செய்தல், எண் ஒட்டுதல், அடுக்குதல். வெளியே: ஸ்கேன் செய்தல், பழைய இதழ்கள், புதிய புத்தகம் வாங்குதல்.

பணம்: 1500 டாலர், அலமாரிகளுக்கும் ஒரு பழைய கணினிக்கும்.

அனுமானம்: சனிக்கிழமை மாலைகளில் பள்ளிக் கூடம் கிடைக்கும், ஆறு தன்னார்வலர்கள் வருவார்கள்.

இடர்: தேர்வுக் காலத்தில் ஆள் குறையும். திஸ்கியில் தட்டிய பழைய பட்டியலை யூனிகோடுக்கு மாற்றும்போது எழுத்துகள் உடையலாம். ஆசிரியர் பெயர் வரிசையில் தி. ஜானகிராமனைத் 'தி'யில் வைப்பதா, 'ஜா'வில் வைப்பதா என்பதை முதல் நாளே முடிவுசெய்யாவிட்டால் அவர் இரண்டு இடத்திலும் இருப்பார்.

அதிகாரம்: நூலகப் பொறுப்பாளர் 200 டாலர் வரை கேட்காமல் செலவழிக்கலாம், இரண்டு வாரம் நூலகத்தை மூடலாம். எல்லையை மாற்றும் அதிகாரம் தலைவருக்கு மட்டும்.

நிறுத்தும் விதி: மூன்று மாத முடிவில் 700 புத்தகம்கூட ஏறாவிட்டால் நிறுத்தி, மறுபடி யோசிக்க வேண்டும்.

கையெழுத்து: சங்கத் தலைவர்.

இவ்வளவுதான். முக்கால் பக்கம். இது எங்கே கைகொடுக்கும் தெரியுமா? வேலை பாதி ஆனதும் நல்ல மனம் கொண்ட ஒருவர் கட்டாயம் வருவார். "கையில் எடுத்ததுதான் எடுத்தோம், அப்படியே ஸ்கேன் பண்ணி இணையத்தில் போட்டுவிடலாமே?" என்பார். காப்புரிமை, நேரம், இயந்திரம் என்று நூறு சிக்கல் அதில் உண்டு. சாசனம் இல்லாவிட்டால் மறுப்பவர் முட்டுக்கட்டை போடுபவர் என்று பெயர் வாங்குவார். இருந்தால், "நல்ல யோசனை அண்ணா, இது அடுத்த திட்டம். தலைவரிடம் சொல்லித் தனியாக எழுதிவிடுவோம்" என்று சிரித்துக்கொண்டே சொல்லலாம். தன்னார்வ அமைப்புகளில் மனக்கசப்பு பெரும்பாலும் கொள்கையால் வருவதில்லை. யார் எதைச் சொன்னார் என்பதில் வருகிறது.

எழுதிய பின் என்ன செய்வது?

எழுதிக் கோப்பில் போட்டால் சாசனம் செத்துவிடும். நான் கண்டவரை அதற்கு உயிர் இருக்கும் இடங்கள் நான்கு.

முதல் கூட்டத்தில் அதை உரக்க வாசிக்க வேண்டும். அனுப்பினால் யாரும் படிப்பதில்லை. வாசிக்கும்போதுதான், "இதுவும் உள்ளே வரும் என்றல்லவா நினைத்தேன்?" என்ற குரல் எழும். அந்தக் குரல் அன்றைக்கே எழுவது பெரிய லாபம். நான் பார்த்த ஒரு திட்டத்தில், தாங்களே புரவலர் என்று இரண்டு துறைகள் நினைத்துக்கொண்டிருந்தது இப்படி வாசித்தபோதுதான் வெளிவந்தது. இரண்டு தலைவர்களும் அறையை விட்டு வெளியே போய், அரை மணி நேரம் கழித்து ஒரே பெயரோடு திரும்பி வந்தார்கள்.

மாற்றம் கேட்டு வரும் ஒவ்வொரு கோரிக்கையையும் சாசனத்தின் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். குறிக்கோளுக்கு உதவுகிறதா? எல்லைக்குள் இருக்கிறதா? இல்லையென்றால் கையெழுத்திட்டவரிடமே அது திரும்பிப் போக வேண்டும். சாசனம் மாறவே கூடாது என்பதில்லை. மாற்றினால் தேதியும் காரணமும் போட்டு, அவரே மறுபடி கையெழுத்திட வேண்டும்.

புரவலர் மாறும்போது, புதியவர் முதல் வாரத்திலேயே அதைப் படித்து ஏற்கவோ திருத்தவோ வேண்டும். பழையவர் பெயரில் தொடரும் திட்டம் தகப்பனில்லாப் பிள்ளை. யார் வேண்டுமானாலும் அதட்டலாம்.

முடியும் நாளில் அதை எடுத்து வைத்துக்கொண்டு கணக்குத் தீர்க்க வேண்டும். சொன்னது நடந்ததா? பட்டியல் ஏறியது சரி, புதிய தன்னார்வலர் ஐந்து நிமிடத்தில் புத்தகத்தை எடுத்தாரா?

மென்பொருள் துறையில் 'அஜைல்' முறை வந்த பிறகு இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வழியை மாற்றிக்கொள்ளும் முறையில், போக வேண்டிய இடம் தெளிவாக இருப்பது இன்னும் அவசியம். தாள் சிறியதாகலாம், கேள்விகள் அவையேதான்.

அடுத்த முறை உங்களிடம் யாராவது ஒரு வேலையை ஒப்படைத்தால், அது அலுவலகப் பணியானாலும் ஆண்டு விழா மலரானாலும், மூன்று கேள்விகளை மட்டும் கேட்டுப் பாருங்கள். முடிந்தது என்பதை எதை வைத்துச் சொல்வோம்? எது நம் வேலையில்லை? நான் கேட்காமலே எதுவரை போகலாம்? விடைகளை அன்றிரவே ஒரு தாளில் எழுதி அனுப்பி, "இப்படித்தான் புரிந்துகொண்டேன், சரிதானே?" என்று கேளுங்கள். 'சரி' என்று பதில் வந்தால் சாசனம் உங்கள் கையில் இருக்கிறது. வராமல் போனால், வேலையைத் தொடங்குவதற்கு முன் பேச வேண்டியது இன்னும் பாக்கி இருக்கிறது என்று அர்த்தம்.